அணையைத் தாண்டினால் மட்டும் போதுமா? வலசை மீன்கள் பற்றிய ஆராய்ச்சி சொல்வது என்ன

ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் மீனுக்கு என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும், முதலில் வரும் பதில் ஒன்றுதான்: வழி அடைபடும். மேலே போக வேண்டிய மீன் போக முடியாது. அதற்குத் தீர்வும் உடனே தோன்றிவிடும். அணையின் ஓரமாகப் படிப்படியாக ஏறும் ஒரு நீர்வழி கட்டிக் கொடுத்தால் மீன் ஏறிப் போய்விடும் அல்லவா? அரசுகளும் பொறியாளர்களும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் யோசித்தார்கள். உலகெங்கும் மீன் ஏணிகள் கட்டப்பட்டன. அவற்றில் பலவற்றில் மீன்கள் ஏறவும் செய்கின்றன. ஆனாலும் பல ஆறுகளில் மீன்வளம் குறைந்துகொண்டே வந்தது.

ஏன் என்று தேடப் போன ஆராய்ச்சியாளர்கள் மெல்ல மெல்லக் கண்டுகொண்ட விஷயம் இது: அணையின் சுவர் பிரச்சினையின் ஒரு பகுதி மட்டுமே. தாண்டிப் போன மீனுக்கு மேலே முட்டையிட இடம் இருக்கிறதா? அதன் குஞ்சுகள் உயிரோடு கீழே இறங்க முடிகிறதா? சரியான காலத்தில், சரியான வெப்பநிலையில் தண்ணீர் கிடைக்கிறதா? பெரிதாக வளர்ந்த குஞ்சு மறுபடி திரும்பி வருகிறதா? இந்த முழுச் சுற்றில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த இனம் குறையத் தொடங்கும். ஆகவே ஆராய்ச்சியின் கேள்வி, மீன் அணையைத் தாண்டுகிறதா என்பதிலிருந்து மீன் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்கிறதா என்பதற்கு நகர்ந்திருக்கிறது. இந்தத் துறையைப் புதிதாக அறிய வருபவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த ஒரு மாற்றத்தைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக விளங்கும்.

மீன் ஏன் பயணம் போகிறது

பறவைகள் வலசை போவது கண்ணுக்குத் தெரிகிறது. மீன்கள் போவது தண்ணீருக்குள் நடப்பதால் பலருக்கு அப்படியொன்று நடப்பதே தெரியாது. காரணம் எளிமையானது. முட்டையிட ஏற்ற இடம் ஒன்று, குஞ்சு பாதுகாப்பாக வளர ஏற்ற இடம் ஒன்று, வயிறார இரை தின்று உடல் பெருக்க ஏற்ற இடம் இன்னொன்று. மூன்றும் ஒரே இடத்தில் அமையாத இனங்கள் நகர்ந்தே ஆக வேண்டும்.

சால்மன், ஸ்டர்ஜன், ஹில்சா போன்றவை ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகின்றன. விலாங்கு இதற்கு நேர் எதிர். ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் பிறந்து, ஐரோப்பாவின் ஆறுகளில் பல ஆண்டுகள் வளர்ந்து, சாவதற்கு முன் ஒரே ஒரு முறை முட்டையிட அதே கடலுக்குப் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட் கடலில் கிடைத்த விலாங்கு இளம் உயிரிகளின் அளவை வைத்துத்தான் இதை ஊகித்தார். வளர்ந்த விலாங்குகள் உண்மையிலேயே சர்காசோ கடலுக்குள் போய்ச் சேர்வதற்கான நேரடிச் சான்று 2022-இல்தான் வெளியானது. அசோரஸ் தீவுகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட விலாங்குகள் அதைக் காட்டின. நூறு வருடம் தேடிய விடை!

மூன்றாவது வகை, கடல் பக்கமே போகாமல் ஆற்றுக்குள்ளேயே பயணம் செய்பவை. இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அமேசானில் வாழும் தொராதா என்ற கெளுத்தி இனம் ஆண்டிஸ் மலையடிவார ஆறுகளில் பிறக்கிறது, நீரோட்டத்தோடு மிதந்து கண்டத்தின் மறுகோடியில் உள்ள முகத்துவாரத்துக்கு வருகிறது, அங்கே வளர்ந்து, முட்டையிடத் திரும்ப மேலே ஏறுகிறது. போகவர மொத்தம் ஏறத்தாழ 11,600 கி.மீ. நன்னீரில் மட்டுமே நடக்கும் பயணங்களில் இதுவரை அறியப்பட்டதிலேயே நீண்டது இதுதான்.

தண்ணீருக்குள் போகிற மீனை எப்படித் தொடர்வது

மேலே சொன்னதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே தனிச் சுவையான கதை. அதைத் தெரிந்துகொண்டால், அணைகளைப் பற்றிய முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும்.

அதிகம் பயன்படுவது ஓர் அரிசி மணியளவு சின்ன டேக். சுமார் 12 மி.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிப்பும் கம்பிச்சுருளும் இருக்கும். பேட்டரி கிடையாது. மீனின் வயிற்றுக்குள் ஊசி மூலம் செலுத்திவிடுவார்கள். ஆண்டெனா பொருத்திய ஒரு வழியில் அந்த மீன் நுழைந்தால், ஆண்டெனாவின் காந்தப்புலமே டேக்குக்குச் சக்தி கொடுத்து அதன் எண்ணை வெளியே சொல்ல வைக்கும். பேட்டரி இல்லாததால் மீன் உயிரோடு இருக்கும் வரை டேக் வேலை செய்யும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1980களின் பிற்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான சால்மன் குஞ்சுகளுக்கு இப்படி எண் கொடுத்து வருகிறார்கள். எந்த மீன் எந்த அணையை என்றைக்குத் தாண்டியது, எது கடலுக்குப் போய் வருடங்கள் கழித்துத் திரும்பியது என்பதெல்லாம் ஒவ்வொரு மீனாகப் பதிவாகிறது. குறை என்னவென்றால், ஆண்டெனாவுக்கு மிக அருகில் வந்தால்தான் பதிவாகும். அகலமான ஆற்றின் நடுவில் என்ன நடந்தது என்பதை இது சொல்லாது. அதற்கு ஒலி எழுப்பும் டேக்குகளும் நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கிகளும் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி மனிதன் செய்ததே இல்லை. மீனின் உள்காதில் சுண்ணாம்பால் ஆன சின்னக் கல் ஒன்று இருக்கிறது, காதுக்கல். மரத்தின் தண்டில் ஆண்டு வளையம் விழுவது போல இதிலும் அடுக்கடுக்காக வளையம் விழுகிறது. குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில்கூட. அந்தந்த நாளில் மீன் இருந்த தண்ணீரின் வேதியியல் அந்தந்த அடுக்கில் பதிந்துவிடுகிறது. பொதுவாகக் கடல்நீரில் வாழ்ந்த காலத்து அடுக்கில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு கிளையாறும் ஓடிவரும் பாறை வேறு என்பதால், ஸ்ட்ரான்ஷியத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதமும் கிளையாற்றுக்குக் கிளையாறு மாறும். பிடிபட்ட ஒரு மீனின் காதுக்கல்லை அறுத்து, லேசர் கொண்டு நடுவிலிருந்து ஓரம் வரை படித்தால், அது எங்கே பிறந்தது, எப்போது எங்கே இருந்தது என்று பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒரு நாட்குறிப்பே கிடைத்துவிடும். தொராதா கெளுத்தி தான் பிறந்த பகுதிக்கே திரும்புகிறது என்பதற்கான சான்று இந்தக் கல்லிலிருந்துதான் வந்தது. டேக் போட்டு, திரும்பிப் பிடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. அணை கட்டும் முன் பிடித்துச் சேமித்து வைத்த கற்கள் இருந்தால், போன காலத்தையும் படிக்கலாம்.

இப்போது இன்னொரு முறையும் பரவலாகி வருகிறது. மீன்கள் தண்ணீரில் விட்டுப்போகும் டி.என்.ஏ. துணுக்குகளை ஒரு குடுவைத் தண்ணீரிலிருந்தே கண்டறிந்து, அந்த இனம் அங்கே வந்ததா என்று சொல்லிவிட முடிகிறது. எத்தனை மீன் என்பதை அது அவ்வளவு உறுதியாகச் சொல்லாது.

ஏறும்போது ஒன்று, இறங்கும்போது இன்னொன்று

முதலில் ஏறும் வழி. நீந்தி மேலே வரும் மீன் எதிரே வரும் நீரோட்டத்தைத்தான் வழிகாட்டியாகக் கொள்கிறது. எங்கே வேகமாகத் தண்ணீர் வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பும். அணையின் அடியில் பெருவெள்ளமாக வெளியேறுவது டர்பைன் வழியாக வரும் தண்ணீர். ஓரத்தில் இருக்கும் மீன் ஏணியிலிருந்து வருவதோ சிறு ஓடை. ஏணி என்னதான் நன்றாக இருந்தாலும், அதன் வாசலை மீன் கண்டுபிடிக்காவிட்டால் பயன் இல்லை. மீன்கள் டர்பைன் வாய்க்கருகே முட்டி மோதி நாட்களைக் கழிக்கும். சால்மன் போன்றவை ஆற்றுக்குள் நுழைந்தபின் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பே முழுப் பயணத்துக்கும். ஒவ்வொரு அணையிலும் கழியும் நாட்கள் அந்தக் கையிருப்பைத் தின்கின்றன.

இறங்கும்போது அதே குணம் எமனாகிறது. கடலுக்குப் போகும் குஞ்சு தண்ணீர் போகும் திசையில் மிதந்து போகும். பெரும்பகுதித் தண்ணீர் டர்பைனுக்குள் போகிறது என்றால், குஞ்சும் அங்கேதான் போகும்.

டர்பைனுக்குள் என்ன நடக்கிறது என்றால் பலரும் இறக்கையில் அடிபடும் என்பார்கள். அதுவும் நடக்கிறது, குறிப்பாக உடல் நீண்ட விலாங்குகளுக்கு. ஆனால் பல சின்ன மீன்களுக்கு அதைவிட ஆபத்து அழுத்த மாற்றம். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் பழகிய மீன் சுமார் 2 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. டர்பைன் இறக்கையின் பின்பக்கம் அழுத்தம் நொடிக்கும் குறைவான நேரத்தில் அரை வளிமண்டலத்துக்கு இறங்கினால், பாயில் விதிப்படி அந்தக் காற்று நான்கு மடங்கு விரிய வேண்டும். பை கிழியும், இரத்தத்தில் குமிழ்கள் உண்டாகும், கண்கள் பிதுங்கும். காற்றை வாய்வழியே வெளியேற்றக்கூடிய இனங்கள் ஓரளவு தப்பும். முடியாத இனங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இதை அளக்க அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடம் மீன் குஞ்சின் அளவில் ஒரு உணர்கருவியைச் செய்து டர்பைனுக்குள் அனுப்புகிறது. அழுத்தம், மோதல், சுழற்சி எல்லாவற்றையும் அது பதிவு செய்துகொண்டு மறுபக்கம் வரும். புதிய டர்பைன்களின் வடிவமைப்பு மாறியதில் இந்த அளவீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

டர்பைனைத் தவிர்க்க மதகு வழியாகத் தண்ணீரைத் திறந்து விடலாம். குஞ்சுகளுக்கு அது பொதுவாக நல்லது. ஆனால் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும்போது, அளவுக்கு மீறிய வாயு நீரில் கரைகிறது. அந்த நீரில் இருக்கும் மீன்களுக்கு வாயுக்குமிழ் நோய் வரலாம். திறந்து விடும் தண்ணீர் மின்சாரமும் தராது. ஆகவே எவ்வளவு திறக்கலாம் என்பது கொலம்பியா ஆற்றில் பல பத்தாண்டுகளாக நீதிமன்றம் வரை போய் வரும் வழக்கு.

தேங்கிய நீர் என்னும் மறைந்த தடை

சுவரைப் பற்றிப் பேசியதில் பாதியாவது அதன் பின்னால் தேங்கும் நீரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். இங்கேதான் பொதுப்பேச்சும் ஆராய்ச்சியும் அதிகம் விலகி நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

சால்மன் குஞ்சு ஆற்று மீனாக இருந்து கடல் மீனாக மாறும் காலம் குறுகியது. அந்தச் சில வாரங்களில் அதன் செவுளும் சிறுநீரகமும் உப்புநீருக்குத் தயாராகின்றன. ஓடும் ஆற்றில் வெள்ளம் அதைச் சுமந்துபோய்க் கடலில் சேர்க்கும். ஓட்டம் இல்லாத நீர்த்தேக்கத்தில் அது தானே நீந்த வேண்டும். கொலம்பியாவின் பெரிய கிளையான ஸ்னேக் ஆற்றில் அணைகள் வந்தபின், தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் இந்தப் பயணம் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டது. தாமதமானால் கடலுக்கான தயார்நிலை கழிந்துபோகும், தேங்கிய நீரில் பெருகும் கொன்றுண்ணி மீன்களுக்கு இரையாகும் வாய்ப்பும் கூடும்.

வெப்பநிலையும் மாறுகிறது. ஆழமான நீர்த்தேக்கத்தில் வெதுவெதுப்பான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் அடியிலும் அடுக்காக நிற்கும். அடிமதகைத் திறந்தால் கோடையில்கூடக் குளிர்ந்த நீர் பாய்ந்து, கீழே வெகுதூரம் வரை மீன்கள் முட்டையிடும் காலம் குழம்பும். வேறு சில இடங்களில் தேக்கம் வெப்பத்தைச் சேமித்து வைக்கும். சீனாவின் யாங்சி ஆற்றில் முப்பள்ளத்தாக்கு அணைக்குப் பின், இலையுதிர் காலத்தில் நீர் குளிர்வதே தள்ளிப்போனது. குறிப்பிட்ட குளிர்ச்சிக்குக் காத்திருந்து முட்டையிடும் சீன ஸ்டர்ஜனின் காலமும் அதோடு தள்ளிப்போனது.

முட்டைகளின் கதை இன்னும் நுட்பமானது. பல ஆற்று மீன்களின் முட்டைகள் தண்ணீரைவிடச் சற்றே கனமானவை. ஓடும் நீரில் மிதந்தபடியே பொரிந்து, குஞ்சுகளாகிப் பல நூறு கி.மீ. கீழே போய் வெள்ளச் சமவெளிகளில் வளரும். ஓட்டம் நின்றால் அவை அடியில் படிந்து சேற்றில் மூச்சடைத்துச் சாகும். யாங்சியின் கெண்டை இனங்கள் இப்படிப்பட்டவை. மழைக்கால வெள்ளம் ஏறுவதுதான் அவற்றுக்கு முட்டையிடும் அழைப்பு. அணை அந்த ஏற்றத்தைச் சமன்படுத்திவிட்டது. 2011 முதல் அந்த மீன்களுக்காகவே செயற்கையாக வெள்ளம் போல நீர் திறந்து விட்டுப் பார்க்கிறார்கள். முட்டைகளின் எண்ணிக்கை அதற்கு ஏற்ப உயர்வதும் பதிவாகியிருக்கிறது.

ஏணிகள் எவ்வளவு உதவுகின்றன

இத்தனையும் தெரிந்தபின் ஏணிகளைப் பார்ப்போம். 1960 முதல் 2011 வரை வெளியான 65 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வைத்து 2012-இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். மேலே ஏற முயன்ற சால்மன் குடும்ப மீன்களில் சராசரியாக 62 சதவீதம் வழியைத் தாண்டின. மற்ற இனங்களில் 22 சதவீதம்தான். காரணம் தெரிந்ததே. பெரும்பாலான ஏணிகள் துள்ளிக் குதிக்கும் சால்மனை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. எல்லா மீனும் குதிப்பதில்லை. விலாங்கு போல நீண்ட உடல் கொண்ட பசிபிக் லாம்ப்ரே வாயால் சுவரில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கான்கிரீட்டின் கூரான மூலைகளில் அதன் வாய் ஒட்டாது, பிடி நழுவிக் கீழே போய்விடும். மூலைகளை வளைவாக்கியதும் நிலைமை முன்னேறியது. விலாங்குக் குட்டிகளுக்கோ நார்கள் பதித்த ஈரமான சரிவுப் பலகை போதும், ஊர்ந்தே ஏறிவிடும். இனத்தைத் தெரிந்துகொண்டு கட்டினால் பலன் கிடைக்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்திதான்.

ஆனால் ஓர் ஆற்றில் நூற்றுக்கணக்கான இனங்கள் வலசை போனால்? தாய்லாந்தில் ‘முன்’ (Mun) என்ற ஆறு மேகாங் ஆற்றோடு கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே 1994-இல் பாக் முன் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஏணியும் கட்டினார்கள். உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அணைக்கு முன் அந்த ஆற்றுப்படுகையில் பதிவாகியிருந்த இனங்கள் 265. பின்னர் அணைக்கு மேலே கிடைத்தவை 96. ஏணி வேலை செய்யவில்லை என்று அந்த அறிக்கையே சொன்னது. மீனவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2001-இல் மதகுகளைத் திறந்து வைத்தபோது, காணாமல் போயிருந்த பல இனங்கள் மறுபடி மேலே வந்தன.

ஏணி நன்றாக வேலை செய்வதே ஆபத்தாக முடிவதும் உண்டு. பிரேசிலின் பெரிய ஆறுகளை ஆராய்ந்த பெலிசி, அகோஸ்டினியோ இருவரும் 2008-இல் இதை எடுத்துச் சொன்னார்கள். அணைக்குக் கீழே முட்டையிடவும் வளரவும் நல்ல இடங்கள் இருக்க, ஏணி வழியாக மேலே போன மீன் நீண்ட தேக்கத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மேலே ஏற்ற இடம் இல்லை, முட்டைகள் மூழ்குகின்றன, பெரிய மீனும் திரும்பி இறங்குவதில்லை. ஏணியில் ஏறிய மீன்களை எண்ணினால் வெற்றி போலத் தெரியும். உண்மையில் கீழே இருந்திருந்தால் பிழைத்திருக்கும் மீன்களை ஏணி பொறிக்குள் அனுப்பியிருக்கிறது. மீன் ஏறும் படத்தைக் காட்டி ஒரு திட்டம் வெற்றி என்று யாராவது சொன்னால், அதன் குஞ்சுகள் எங்கே என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

பெருக்கல் கணக்கு

ஓர் அணையில் 95 சதவீதக் குஞ்சுகள் உயிரோடு இறங்கினால் அது மிக நல்ல அணை என்று தோன்றும். எட்டு அணைகள் வரிசையாக இருந்தால்? 0.95-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.66. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒவ்வொன்றிலும் 90 சதவீதம் என்றால் மிஞ்சுவது 43 சதவீதம்தான். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மெரிமாக், கனெக்டிகட், சஸ்குவேகானா ஆறுகளில் ஹில்சாவின் உறவினமான ஷாட் மீன்களைப் பற்றி 2013-இல் வந்த ஓர் ஆய்வு, முதல் அணையைத் தாண்டியவற்றில் முட்டையிடும் இடம் வரை போய்ச் சேர்ந்தவை சராசரியாக 3 சதவீதம்கூட இல்லை என்று காட்டியது. அங்கே ஒவ்வொரு பெரிய அணையிலும் மீன்வழி இருந்தும் இந்த நிலை.

எட்டு அணை என்பது நான் வெறுமனே எடுத்த எண் இல்லை. இடாஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை சால்மன் கடலிலிருந்து 1,400 கி.மீ.க்கும் மேல், சுமார் 2,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வழியில் எட்டு அணைகள். 1992-இல் அந்த ஏரிக்குத் திரும்பியது ஒரே ஓர் ஆண் மீன். அதன் விந்தை உறையவைத்துப் பாதுகாத்துத்தான் வளர்ப்புத் திட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

குஞ்சுகளை மேல் அணைகளிலேயே பிடித்துப் படகில் ஏற்றி, மீதி அணைகளையெல்லாம் தாண்டிக் கொண்டுபோய் விடும் முறையும் அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் படகில் போன குஞ்சுகள் பெரிதாகித் திரும்பும்போது வழி தவறுவது கூடுதலாக இருக்கிறது. ஆறு முழுக்க முகர்ந்து மனதில் பதிக்க வேண்டிய வழியை அவை படகுக்குள் கழித்துவிட்டன.

அணைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது

நியாயமான கேள்வி. மீன் குறைவதற்கு அதிகப்படியான மீன்பிடிப்பு, மாசு, கடலின் வெப்பம், பருவநிலை என்று பல காரணங்கள் உண்டு. கங்கையில் ஃபராக்கா கதவணை 1975-இல் இயங்கத் தொடங்கியபின், முன்பு பிரயாக்ராஜ் தாண்டியும் போய்க்கொண்டிருந்த ஹில்சாவின் பாதை அங்கேயே ஏறத்தாழ நின்றுபோனது. அங்கே மேலே மீன் இல்லாமல் போனதற்குக் கதவணை காரணம் என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் கீழே முகத்துவாரத்தில் ஹில்சா குறைந்தால், அதற்குக் கதவணை எவ்வளவு, குஞ்சு மீன்களைக்கூட அரித்துவிடும் வலைகள் எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் தேடுவது ஒப்பிட ஏற்ற இன்னொரு ஆறு. கொலம்பியாவில் அப்படி ஒன்று அமைந்தது. ஜான் டே என்ற கிளையாற்றின் குஞ்சுகள் மூன்று அணைகளைக் கடந்து கடலுக்குப் போகின்றன. ஸ்னேக் ஆற்றுக் குஞ்சுகள் எட்டைக் கடக்கின்றன. போய்ச் சேரும் கடல் ஒன்றே. கடலுக்குப் போன நூறு குஞ்சுகளில் எத்தனை பெரிதாகித் திரும்பின என்று பார்த்தால், ஜான் டே மீன்கள் பெரும்பாலான ஆண்டுகளில் மிகக் கூடுதலாகத் திரும்புகின்றன. நூற்றுக்கு 2 முதல் 6 வரை திரும்ப வேண்டும் என்பது அந்தப் பகுதிக்கு வகுத்த இலக்கு. ஸ்னேக் ஆற்றில் பல ஆண்டுகள் 2-ஐயே எட்டவில்லை. இரண்டு ஆற்று மீன்களும் எல்லா விதத்திலும் ஒன்றல்ல என்று சில அறிவியலாளர்கள் மறுக்கிறார்கள். அதுவும் கேட்க வேண்டிய வாதமே. கடலில் இறந்த மீனின் சாவுக்கு, வாரங்களுக்கு முன் அணையில் பட்ட அடி காரணமா என்பதுதான் அங்கே இன்னும் சூடாக விவாதிக்கப்படும் கேள்வி.

உலக அளவில் நன்னீர் வலசை மீன்கள் 1970 முதல் 2020 வரை சராசரியாக 81 சதவீதம் சரிந்திருப்பதாக 2024-இல் வெளியான குறியீட்டறிக்கை சொல்கிறது. இதைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். நூறு மீனில் 81 செத்துவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. கண்காணிக்கப்படும் மீன்கூட்டங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மாறின என்பதன் சராசரி அது.

சில இழப்புகளுக்குச் சராசரி தேவைப்படுவதில்லை. யாங்சியில் பல மீட்டர் நீளம் வளர்ந்த துடுப்பு மூக்கு மீனின் வலசைப் பாதையை 1981-இல் கெசோபா அணை இரண்டாகப் பிரித்தது. 2003 ஜனவரியில் ஒரு பெண் மீன் கிடைத்தது. காயத்துக்கு மருந்திட்டு, டேக் பொருத்தி விட்டார்கள். தொடர்ந்து போன படகு பாறையில் மோத, சிக்னல் தொலைந்தது. அதற்குப் பின் உயிரோடு யாரும் அந்த இனத்தைப் பார்க்கவில்லை. 2022-இல் அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டது.

அணையை எடுத்துவிட்டால்

அணையின் விளைவைச் சோதிக்க மிகத் தெளிவான வழி அதை அகற்றிப் பார்ப்பதே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011-க்கும் 2014-க்கும் இடையில் இடித்தார்கள். நூறு ஆண்டுகளாகக் கடலைப் பார்க்காமல் மேலே அடைபட்டுக் கிடந்த வானவில் டிரௌட் மீன்களின் வாரிசுகள் மறுபடி கடலுக்குப் போய்வரத் தொடங்கின. கடலுக்குப் போகும் இயல்புக்கான மரபணுக்கள் அத்தனை தலைமுறை கடந்தும் அவற்றிடம் இருந்தன என்று மரபணு ஆய்வுகள் காட்டின. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எல்லா அணையையும் இடிக்க முடியாது, இடிக்கவும் தேவையில்லை. மின்சாரமும் பாசனமும் மனிதருக்கு வேண்டும். மேய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் ஆற்றில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். கடலுக்கு அருகில் இருந்த இரண்டு அணைகளை 2012, 2013-இல் அகற்றினார்கள்; மற்ற அணைகளில் மின் உற்பத்தியைக் கூட்டி மொத்த மின்சாரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். சில ஆயிரமாக இருந்த ஆற்று ஹெர்ரிங் மீன்கள் சில ஆண்டுகளிலேயே பத்து லட்சத்தைத் தாண்டின. எந்த அணையை எடுத்தால் எவ்வளவு ஆறு திறக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டதால் கிடைத்த பலன் இது. இப்படிக் கணக்கிடும்போது சின்னத் தடுப்புகளையும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஆறுகளில் குறைந்தது 12 லட்சம் தடைகள் இருப்பதாக 2020-இல் மதிப்பிட்டார்கள்; அவற்றில் 68 சதவீதம் இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. பல இன்று யாருக்கும் பயன்படாமல் சும்மா நிற்பவை.

இதுவரை நடந்ததில் மிகப் பெரிய அகற்றல்களில் ஒன்று அமெரிக்காவின் ஒரேகான், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடும் கிளமத் ஆற்றில் 2023, 2024-இல் நான்கு அணைகளை எடுத்தது. கடைசி அணை போன சில வாரங்களில், 2024 அக்டோபரில், ஒரேகான் மாநிலத்துக்குள் அணைகள் இருந்த இடத்துக்கு மேலே உள்ள கிளையாறு ஒன்றில் சினூக் சால்மன் காணப்பட்டது. அந்தப் பகுதியில் 1912-க்குப் பின் அதுவே முதல் முறை. அதற்கும் மேலே கீனோ, லிங்க் ரிவர் என்ற இரண்டு அணைகள் இன்னும் நிற்கின்றன. இரண்டிலும் மீன் ஏணிகள் உண்டு. சினூக் கடலில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத்தான் திரும்பும். ஆகவே 2024-இல் மேலே இடப்பட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளில் எத்தனை திரும்புகின்றன என்ற கணக்கு இந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் கைக்கு வரும். ஆராய்ச்சியாளர்கள் ஒலியலைக் கருவிகளையும் டேக்குகளையும் வைத்துக்கொண்டு எண்ணி வருகிறார்கள்.